முதலில் கரண்ட் பில்லைப் படியுங்கள்

விருத்தாசலத்தில் வார்டு குழு, பகுதி சபை, குடியிருப்போர் சங்கம் என்று பொதுவேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் செராமிக் பேட்டையில் சூளைப் பக்கம் வயதைக் கழித்தவன்; பிறகு மனு, கூட்டம், நகராட்சி என்று அலைந்தவன். “கார்பனைக் குறைக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுங்க தாத்தா?” என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சுருக்கம் இதுதான்: இந்த ஊரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கிலோ கரியமில வாயுவுக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்திருக்கிறார். நகராட்சி கொடுத்த காசையும் ஜனங்கள் கொடுத்த காசையும் ஒரே மேஜையில் வைத்துப் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று தானே தெரியும்.

1. பில்லைப் படிக்காமல் மைக்கைத் தொடாதீர்கள்.

பூமி சூடாகிறது, பனிமலை உருகுகிறது என்று கூட்டத்தில் பேசினால் கைதட்டுவார்கள், கலைந்து போவார்கள். ‘நம் வார்டு மோட்டாருக்குப் போன மாதம் இத்தனை யூனிட்’ என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். ஒரு நகராட்சியின் கரண்ட் செலவில் பெரும்பங்கு இரண்டே இடங்களில் இருக்கிறது: தண்ணீர் ஏற்றும் மோட்டார், தெருவிளக்கு. அந்த இரண்டு பில்லையும் கேட்டு வாங்குங்கள். எளிதில் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள்.

பில்லைக் கார்பனாக மாற்ற நாலு எண் போதும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் நாட்டுக் கரண்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு. ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ. ஒரு கிலோ கேஸுக்கு 3 கிலோ. அதாவது வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ தீர்ந்தால் 42 கிலோவுக்கு மேல். இனி எந்த பில்லைப் பார்த்தாலும் ரூபாய்க்குப் பக்கத்தில் இன்னொரு தொகை உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

2. ஒரு கம்பத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பழைய 40 வாட் ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்து 55 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி போட்டால் 35 வாட் மிச்சம். இரவு 12 மணி நேரம் எரிந்தால் 0.42 யூனிட். வருஷத்துக்கு 153 யூனிட், 107 கிலோ கரியமில வாயு. இது ஒரே கம்பத்தின் கணக்கு. தெருவில் 40 கம்பம் இருந்தால் வருஷத்துக்கு 4 டன்னைத் தாண்டும்.

எல்இடி ஏற்கெனவே வந்துவிட்ட தெரு என்றால், பகல் பதினோரு மணிக்கும் எரியும் விளக்குகளைப் பாருங்கள். கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் தெருவில் விளக்கு வீணாக எரிகிறது’ என்ற மனு மூலையில் கிடக்கும். கம்ப எண், எரிந்த தேதி, நேரம் போட்ட மனுவைக் கிடப்பில் போட அதிகாரிக்கே கூச்சமாக இருக்கும்.

3. ஒழுகும் குழாயைத் தண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள்.

மேல்நிலைத் தொட்டிக்குப் போன தண்ணீர் சும்மா போகவில்லை, கரண்ட் செலவழித்து ஏறியது. தெருமுனையில் வால்வு கசிந்து சாக்கடைக்குப் போகும்போது அந்தக் கரண்டும் கூடவே போகிறது. பம்ப் ஹவுஸுக்கு ஒரு முறை போய் மோட்டார் ஆபரேட்டரிடம் பேசுங்கள். எந்த மோட்டார் எத்தனை தடவை காயில் கட்டப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்த மோட்டார் அதே தண்ணீருக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும். புது மோட்டார் விலையையும் மிச்சமாகும் யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கவுன்சிலர் மன்றத்தில் பேசக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

4. ஓடந்துறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘நகராட்சி, பஞ்சாயத்தால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?’ என்று கேட்பவருக்குப் பதில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி. 1996இல் தலைவரான ஆர். சண்முகம் முதலில் கையில் எடுத்தது கரண்ட் பில்லைத்தான். குடிநீர்த் திட்டம் விரிந்தது, மோட்டார் கூடியது, பில் பஞ்சாயத்தை அழுத்தியது. பில்லைக் குறைக்க வழி தேடியதில்தான் மற்ற எல்லாமே வந்தது. மரக்கழிவில் ஓடும் 9 கிலோவாட் எரிவாயு இயந்திரம் வைத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். சில தெருக்களுக்குச் சூரிய விளக்கு போட்டார்கள்.

2006இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தே சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் பஞ்சாயத்து சேர்த்து வைத்த பணம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்றாலை வருஷத்துக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் கொடுத்தது. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, வந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள்.

காற்றாலையைப் பார்த்து மட்டும் வியந்துவிட்டு வராதீர்கள். அந்த 40 லட்சத்தைப் பாருங்கள். ஜனங்கள் வரி கட்டினார்கள், பஞ்சாயத்து அதை வீணாக்காமல் சேர்த்தது, அதனால்தான் வங்கி நம்பிக் கடன் கொடுத்தது. சண்முகத்துக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார், வேலை நடுவில் அறுந்துபோகவில்லை. வரி கட்டாத ஊரும் கணக்குக் காட்டாத மன்றமும் சேர்ந்து எந்தக் காற்றாலையையும் வாங்கிவிட முடியாது.

5. உரிமை எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, நகரத்தில் மரம் வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் நகரப் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல்முறையாக நடந்தன. கிராம சபை மாதிரி நமக்கும் ஒரு மேடை கிடைத்துவிட்டது.

அந்த மேடையில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கை. அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, போன தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். சத்தம் போடுகிறவரைவிடப் போன மாதக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

6. சூளைக்காரர்களை எதிரியாக்காதீர்கள்.

இது எனக்குத் தெரிந்த தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் அகல் விளக்கும் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் நெருப்பில் பிறக்கிறவை. அகலுக்கு ஆயிரம் டிகிரிக்குள் போதும். பீங்கான் சாமானுக்கு 1200 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். எரிப்பது விறகானாலும் எண்ணெயானாலும் கேஸானாலும் அந்தச் சூட்டில் சாமானுக்குள் போவது கொஞ்சம்தான். மீதியைச் சூளைச் சுவரும், சாமான் அடுக்கும் தட்டும் தாங்கியும் குடித்துவிடும், புகைபோக்கி வழியே வெளியே போகும்.

அதனால் பாதி நிரம்பிய சூளையைப் பற்ற வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஊதாரித்தனம். ஒரு பேச்சுக்கு, முழுச் சுமைக்கு 19 கிலோ சிலிண்டர் 10 தீரும் என்று வையுங்கள். 570 கிலோ கரியமில வாயு. பாதிச் சுமைக்கு எரிபொருள் பாதியாகக் குறையாது. சுவரும் தட்டும் அதே சூட்டுக்கு ஏறித்தானே ஆக வேண்டும்! ஆர்டர் அவசரம் என்று ஆளாளுக்குப் பாதிச் சூளை எரிப்பதை விட்டு, பக்கத்துப் பட்டறையோடு பேசி ஒரு சூளையை நிரப்பி எரித்தால் இரண்டு பேருக்கும் காசு மிச்சம்.

பச்சைச் சாமானை ஏற்றினால் முதல் சில மணி நேரம் தண்ணீரை ஆவியாக்கவே எரிபொருள் போகும், சாமானும் வெடிக்கும். நம் ஊர் வெயில் இலவசம், நன்றாகக் காய விடுங்கள். உட்சுவரில் செராமிக் ஃபைபர் ஒட்டினால் செங்கல் குடிக்கும் சூடு குறையும். தட்டுகளின் எடையைக் குறைத்தாலும் அப்படியே. குர்ஜா, மோர்பி, தான்காட் பீங்கான் தொழில்களில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, ஐநா தொழில் வளர்ச்சி அமைப்போடு சேர்ந்து இப்படிப்பட்ட வேலைகளைச் செய்திருக்கிறது. நம் ஊரிலேயே செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுப் பயிலகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு ஃபயரிங் முழுக்க உட்கார வைத்து, மணிக்கு மணி சூட்டையும் எரிபொருளையும் எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பாடம், பட்டறைக்கு அது கணக்கு.

சேர்ந்து செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மோர்பியில் நிலக்கரி வாயு இயந்திரங்களை மூடச் சொன்னது. தாஜ்மஹாலுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில் பிரோசாபாத் கண்ணாடித் தொழில் நிலக்கரியை விட்டு கேஸுக்கு மாற வேண்டியதாயிற்று. கோர்ட் உத்தரவு சின்னப் பட்டறைக்கு அவகாசம் பார்த்து வராது. அதற்கு முன்னால் தாங்களாகவே மாறுகிறவர்களுக்குத்தான் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பட்டறைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டலாகச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

7. குப்பையைப் பற்றிப் பேசும் முன் தூய்மைப் பணியாளரிடம் கேளுங்கள்.

மக்கும் குப்பையை மேடாகக் குவித்துக் காற்றுப் புகாமல் அழுக விட்டால் மீத்தேன் வரும். 100 வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். அதே குப்பையைக் கிளறிக் காற்றுப் பட விட்டால் உரம். வீட்டில் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன.

பிரிக்காத வீட்டுப் பையைத் தூய்மைப் பணியாளர் திறப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாம்பார் சாதத்துக்குள் பிளேடு இருக்கும், வாழைத்தோலோடு குழந்தையின் டயப்பர் ஒட்டியிருக்கும், மருந்துப் பாட்டில் உடைந்திருக்கும். அதில் கைவிடுகிறவருக்குத்தான் எந்தத் தெரு ஒழுங்காகப் பிரிக்கிறது, எந்த வீடு ஏமாற்றுகிறது என்று தெரியும். திட்டம் போடும் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். டீ கொடுப்பது மட்டும் மரியாதை ஆகாது, அவர் சொல்வதை மினிட்ஸில் எழுதுங்கள்.

8. திருவிழாவை விட்டுவிடாதீர்கள்.

மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலிலும் மணிமுத்தாற்றிலும் கூடும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், மாலை, இலை என்று குப்பையும் கூடவே வரும். நகராட்சி லாரி எத்தனை நடை அடித்தாலும் மாளாது. அன்னதானம் போடும் குழுக்களை முன்கூட்டியே பார்த்து, பிளாஸ்டிக் டம்ளருக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் ஏற்பாடு செய்யுங்கள். 2019 ஜனவரியிலிருந்தே மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. சட்டம் நகராட்சியிடம் இருந்தாலும், பந்தலில் நின்று டம்ளர் கழுவ ஆள் வேண்டுமே! அந்த ஆட்கள் நீங்கள்தான்.

9. செடி நட்ட போட்டோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நட்ட கன்று அன்றைக்குப் புகை எதையும் குடித்துவிடாது. மூன்று கோடை தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கம்பிக்குக் கீழே நடாதீர்கள், மின்வாரியத்தார் வெட்டத்தான் செய்வார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது நம் மாவட்டத்து முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வளர்ந்த மரம் ஒன்றைக் காப்பாற்றுவது நூறு கன்று நடுவதைவிடப் பெரிய காரியம்.

வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016இல் கார்பன் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஊர் எவ்வளவு புகை விடுகிறது, மரமும் மண்ணும் எவ்வளவு பிடித்து வைக்கின்றன என்று கணக்கு எடுத்தார்கள். பிறகு, மரத்தை அடமானம் வைத்தால் விவசாயிக்கு வட்டியில்லாக் கடன் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். வெட்டினால் கிடைக்கும் காசு நின்றாலும் கிடைத்தால் யார் கோடாலியை எடுப்பார்கள்?

10. கூரையில் தகடு போட்டால் துடைக்கவும் ஆள் போடுங்கள்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம். சொந்தக் கூரை உள்ளவருக்கு இது சரி. வாடகைக்கு இருப்பவருக்கும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் இது எளிதில் கைக்கு வராது. அதனால்தான் நகராட்சிப் பள்ளி, பம்ப் ஹவுஸ் கூரைகளையும் கேட்கச் சொல்கிறேன். அங்கே விளையும் கரண்டின் மிச்சம் எல்லாருடைய வரிப்பணத்திலும் சேரும். நம் ஊரில் களிமண் தூசி அதிகம். தகட்டில் படிந்தால் கரண்ட் குறையும். டெண்டர் எழுதும்போதே, துடைப்பது யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று எழுத வையுங்கள்.

கரண்ட் ஊருக்கே சொந்தமானால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. டென்மார்க்கில் சாம்சோ என்று ஒரு தீவு. ஜனத்தொகை 4 ஆயிரம் பேருக்குப் பக்கம். 2003இல் கடலில் 10 காற்றாலை நிறுத்தினார்கள், அதில் ஐந்தை அந்த ஊர் நகராட்சியே வாங்கியது. கரையில் இருக்கும் காற்றாலைகள் விவசாயிகளுக்கும் கூட்டுறவுப் பங்குதாரர்களுக்கும் சொந்தம். தனக்குப் பங்கு உள்ள காற்றாலையின் சத்தம் காதுக்கு அவ்வளவாக உறுத்தாது.

11. ‘பக்கத்தில் நெய்வேலி இருக்கே?’ என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள்.

நியாயமான கேள்விதான். அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு போகிறது. ‘அங்கே அவ்வளவு எரியும்போது நான் ட்யூப் லைட்டை மாற்றி என்ன ஆகப்போகிறது?’ என்பார்கள். நெய்வேலியை மூடுவதும் நடத்துவதும் நம் நகராட்சி கையில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. அப்படி மூடுவதெல்லாம் டில்லியிலும் சென்னையிலும் முடிவாகும் விஷயம், அதற்குக் குரல் கொடுப்பது தனி வேலை. ஆனால் இங்கே மிச்சமாகும் பணம் இந்த ஊர்ப் பணம். அதில் பள்ளிக்குக் கழிப்பறை கட்டலாம், சாக்கடை தூர் வாரலாம். கார்பனில் நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்தக் கணக்கு புரியும். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12. கோப்பு உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று யாரும் இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். அந்த மாதிரிக் காலத்தில் ஆரம்பித்த வேலைகள் எங்கே போயின என்று கேட்க ஆள் இருக்காது. இப்போதைய மன்றத்துக்கும் காலக்கெடு உண்டு. அதிகாரி மாறுவார், கவுன்சிலர் மாறுவார், நீங்கள் அதே தெருவில்தான் இருப்பீர்கள். எந்தத் தீர்மானம், எந்தத் தேதி, எவ்வளவு யூனிட் குறைந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் போதாது, மூன்று வீட்டிலாவது நகல் இருக்க வேண்டும். அதில் ஒன்று கவுன்சிலருடைய கட்சியைச் சேராத வீடாக இருக்கட்டும்.

13. மிச்சத்தைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

யூனிட் குறைந்தது, டீசல் குறைந்தது, சூளையில் சிலிண்டர் குறைந்தது என்றால் அதை ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதுங்கள். போன வருஷ எண், இந்த வருஷ எண், மிச்சமான ரூபாய், அந்த ரூபாய் எதற்குச் செலவானது. நாலு வரி போதும். கடைசி வரிதான் முக்கியம். மிச்சமான காசு எங்கே போனது என்று தெரியாவிட்டால் அடுத்த வருஷம் குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஒருத்தரும் மெனக்கெட மாட்டார்கள்.

இந்த மாதத்துக்கு உங்களுக்கு ஒரே வேலை. உங்கள் வார்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் கடைசி பன்னிரண்டு மாத பில்லை வாங்கி, மாதம் வாரியாக யூனிட்டை எழுதுங்கள். எந்த மாதம் திடீரென்று ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த மாதத்தைப் பற்றி அடுத்த பகுதி சபையில் முதல் கேள்வியைக் கேளுங்கள்.